அக்காவிடம் எடுபடாத நியாயம்

தம்பித்துரை வாய் திறந்தால் யாரும் காது கொடுப்பதில்லை. பேர்லினில் பஸ் ஓட்டுகிறவர். ஒலிபெருக்கியில் உள்ளே தள்ளி நில்லுங்கள் என்றால் பஸ்ஸே கேட்கும். கோயில் கூட்டத்தில் எழுந்தால் மட்டும் சனத்துக்குத் தேத்தண்ணி ஞாபகம் வந்துவிடும். அந்தக் கடுப்பில்தான் ஐம்பது தாண்டிய வயதில் அங்கேயே நொய்கெல்ன் பகுதியில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தார். பழைய கிரேக்கர்கள் பேச்சால் ஆட்களை எப்படி இணங்க வைத்தார்கள் என்பது பாடம். வாத்தியார் பென்ஜமின் மூன்று வழி சொன்னார்: பேசுகிறவர் மேல் நம்பிக்கை வரவேண்டும், கேட்கிறவர் மனம் அசையவேண்டும், சொல்வதில் நியாயம் இருக்கவேண்டும். தம்பித்துரைக்குப் பிடித்துப்போனது நியாயம். மற்ற இரண்டையும் அரைக் காதால் கேட்டுவைத்தார்.

ஆவணியில் மகள் தேனுஜாவுக்குக் கல்யாணம். இப்போது ஊன்ட்றொப் என்ற தூர ஊரில் இருக்கும் அக்கா யோகம் வரமாட்டேன் என்றுவிட்டார். போனில் சொன்னது அழைப்பாகாதாம், வீட்டுக்கு வந்து சொல்லவேண்டுமாம். பெற்றவர்கள் இருவரும் வேலைக்கு ஓடிய காலத்தில் தேனுஜாவைக் கூட இருந்து வளர்த்தெடுத்தது இந்த மாமிதான். அவர் இல்லாத கல்யாணத்தை நினைக்கவே தம்பித்துரைக்கு நெஞ்சு வலித்தது.

ரயிலில் போகும்போதே நியாயங்களை வரிசைப்படுத்திக்கொண்டார். அக்கா வீட்டுக் கதிரையில் இருந்ததும் அவிழ்த்துவிட்டார்.

"லீவு கிடைக்கேல்லை அக்கா. மண்டபக்காரனும் கடைசியிலைதான் ஓமெண்டவன். அதாலைதான் முதல்லை போனிலை சொன்னனான்."

"நீ சொல்லுறது எல்லாம் சரிதான் தம்பி," என்றார் யோகம். "ஆனா நான் வரேல்லை."

சரி, முறைப்படி அழைத்தாவது பார்ப்போம் என்று எழுந்து, கார்ட்டையும் குங்குமச் சிமிழையும் சேர்த்து நீட்டினார். யோகம் கார்ட்டை வாங்கினார். குங்குமத்துக்கு நீண்ட கை பாதியில் நின்று, சீலைத் தலைப்புக்குள் போய்விட்டது.

அத்தான் செத்து இரண்டு வருஷம்.

"நல்ல காரியங்களிலை இப்ப நான் பின்னுக்குத்தான் நிக்கிறனான்," என்றார் யோகம் மெதுவாக. "வேறை ஆக்களின்ரை கல்யாணமெண்டால் நிண்டிடுவன். என்ரை பிள்ளையின்ரை கல்யாணத்திலை பின்னுக்கு நிக்க ஏலாது தம்பி."

இவ்வளவு நேரமும் தம்பித்துரை வேறு ஏதோ வழக்கு வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அவமானமாகவும் அழுகையாகவும் வந்தது. மனப்பாடம் செய்தது ஒன்றும் மிச்சமில்லை.

"முதல் ஆராத்தி நீங்கள்தான் எடுக்கிறியள்," என்றார்.

"விசர்க் கதை கதையாதை. சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். அவளுக்குச் சோறு தீத்தினது சனமோ?"

யோகம் கார்ட்டில் இருந்த தேனுஜாவின் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"அப்ப நான் என்ன நிறத்திலை சீலை கட்டுறது?"

தம்பித்துரை தேனுஜாவுக்குப் போன் எடுத்து, கேள்வியை மட்டும் சொல்லி, போனை அக்காவின் காதில் வைத்தார்.

"சிவப்பு மாமி," என்றாள் தேனுஜா. "நல்ல சிவப்பாக் கட்டுங்கோ."