கோணம்மா பார்த்த சாய்வு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கோணம்மா என்று பெயர். மணி கேட்டால்கூட இரண்டு முள்ளுக்கும் நடுவே எத்தனை டிகிரி என்றுதான் சொல்வாள் என்பது அங்கே பழைய கேலி. வேலை அப்படி. செத்த நட்சத்திரத்தின் மிச்சம்தான் பல்சர், பம்பரமாய்ச் சுழலும். அதிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள வாயு மேகமான நெபுலாவிலிருந்தும் வரும் எக்ஸ் கதிர் எந்தப் பக்கம் சாய்ந்து அதிர்கிறது என்று அளக்க ஒரு கருவி செய்தார்கள். ஜன்னலில்லாத அறையில் அதைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பிச் சரிபார்த்தது அவள்தான். ஒன்பது வருஷம்.

கருவியை விண்ணில் ஏவும் தேதி முன்னால் வந்ததும் கடைசி மூன்று வாரச் சோதனையை விட்டுவிடச் சொன்னார் திட்டத் தலைவர். எந்தப் பக்கமும் சாயாத கதிரைக் காட்டினால் கருவி தானாகச் சாய்வு காட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. இரண்டு நாள் முரண்டு பிடித்தாள். பிறகு ஏவலாம் என்ற தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட, அவளும் போட்டாள்.

மேலே போன கருவி ஒரு பல்சரில் மெல்லிய சாய்வு ஒன்றைக் கண்டது. பாராட்டு குவிந்தது. பஸ் ஓட்டும் அவள் கணவன் அந்தச் செய்தியை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினான்.

அவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மற்ற பல்சர்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தாள். கருவி வானத்தில் எப்படித் திரும்பியிருந்தாலும், சாய்வு கருவியின் அதே மூலையைத்தான் காட்டியது. காகிதங்களோடு தலைவர் முன்னால் போய் நின்றாள்.

“இது நம்ம கருவியோட சாய்வு சார். நட்சத்திரத்தோடது இல்ல.”

அவர் வெகுநேரம் புரட்டினார். எவ்வளவு கழித்தால் சரியாகும் என்று கேட்டார். அந்த மூன்று வாரம் செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாள்.

“மேல போனதைக் கீழ இறக்க முடியுமா?”

“முடியாது சார்.”

“அப்புறம் எதுக்கும்மா இதைத் தோண்டின?”

சாய்வு கண்டதாகச் சொன்ன முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அறிவிப்பில் காரணம் என்ற இடத்தில், சோதனைப் பிரிவின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். மறுவருஷம் கருவிக்குள்ளிருந்த வாயு கசிந்து, அது வாயடைத்துப் போனது. இன்னொன்று செய்ய யாரும் முன்வரவில்லை. அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை.

சாப்பிடும்போது கணவன், குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்: “நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அவளும் அதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.