எந்தப் பக்கம்?

என் மகள் அந்தப் பாட்டைப் பாடும்போது நிறுத்தச் சொல்வதா, கூடச் சேர்ந்து தாளம் போடுவதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் கிரேயான் போட்டு வைத்திருப்பது ஒரு காலி மத்தாப்புப் பெட்டியில். அதன் மேல் அச்சிட்ட படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு என் தம்பி நிற்கிறான். கீழே பெரிய எழுத்தில், ‘எந்தப் பக்கம்? எல்லாப் பக்கம்!’

சிவகாசியில் பகலில் பெரிய சத்தம் கேட்டால், பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து முதலில் கேட்பது ‘எந்தப் பக்கம்?’ என்றுதான். எந்தத் திசையில் பட்டாசு ஆலை வெடித்தது, அங்கே நம் வீட்டு ஆள் இருக்கிறாரா என்று அர்த்தம். அந்தக் கேள்வியைத்தான் தம்பி பாட்டாக்கினான். மூடிக்கிடந்த ஓர் அச்சகக் கொட்டகையில், சிநேகிதர்களோடு காலி மை டின்களைத் தட்டிக்கொண்டு பாடுவான். மேடை கிடையாது, மைக் கிடையாது. ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்டதும் டின் சத்தம் சட்டென்று நின்றுவிடும். யாரும் பதில் சொல்லாத அந்த இடைவெளிதான் பாட்டின் உயிர். வேலை முடிந்து வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் அந்த இடத்தில் இருமக்கூட மாட்டார்கள். டீ கொண்டுபோன நானும் தூக்குவாளியோடு அப்படியே நின்றிருக்கிறேன்.

பாட்டு செல்போன்களில் பரவியது. ஒரு பட்டாசு கம்பெனி தீபாவளி சீசன் விளம்பரத்துக்கு அதைக் கேட்டது. தம்பி கையெழுத்துப் போட்டான். அந்த இடைவெளியில் அவர்கள் குழந்தைகளைக் கத்தவிட்டார்கள்: ‘எல்லாப் பக்கம்!’

“ஏலே, இதுக்காலே பாடுன?” என்றேன்.

“நாலு பேரு கேக்கட்டும்னுதான்க்கா குடுத்தேன். இப்ப ஊரே பாடுதுல்ல?”

“கேக்குறாகளா, ஆடுறாகளா?”

“ஆடிட்டுப் போறாக, விடுக்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கொட்டகைக்குப் போகவில்லை.

போன வாரம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சத்தம். எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கு அங்கேதான் வேலை. கரண்டியும் கையுமாக ஓடிவந்த அந்த அக்கா, “எந்தப் பக்கம்த்தா?” என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மகள் இரண்டு கைகளையும் விரித்துக் குதித்தாள்: “எல்லாப் பக்கம்!”

அவர் கணவர் சாயங்காலம் நல்லபடியாக வந்துவிட்டார். ஆனால் அந்த அக்கா இப்போது எங்கள் வாசலைப் பார்ப்பதில்லை. போய் மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் இன்னும் பெரிதாகுமா என்று தினமும் நிலைப்படி வரை போய்த் திரும்புகிறேன்.

பள்ளி ஆண்டு விழாவில் இந்தப் பாட்டுக்குத்தான் என் மகள் ஆடப்போகிறாள். பெட்டியை ஒளித்து வைத்தேன்; அழுதாள், கொடுத்துவிட்டேன். நேற்று மாமனுக்குச் சிவப்பில் மீசை வரைந்திருக்கிறாள். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்: அந்தப் பாட்டில் பதில் சொல்லக்கூடாத ஓர் இடம் இருந்தது என்பதை, நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?