ஊதிக் காட்டியவர்

எண்பதுகளில் ஒருநாள், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கண்கள் மஞ்சளாக இருந்தன. குடிகாரர் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தேன். உடனே அவர் என் முகத்தில் "ஹா" என்று ஊதினார். காப்பி வாசனைதான் வந்தது.

"எல்லாருக்கும் ஊதிக் காட்டிடறதுங்க. ஈரல் கெட்டா குடிகாரன்னு முடிவு பண்ணிடறாங்க. மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்களே எந்திரிச்சுப் போயிட்டாங்க. நோயோட சண்டை போட வேண்டிய அணுவே என் ஈரலை அழிக்குதுங்களாம். காப்பித் தோட்டத்து வாட்ச்மேனே செடியை வெட்டறான்னு வெச்சுக்குங்க."

அவர் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை தரம் பிரிப்பவராம். ரத்த அணுக்களும் விசித்திரமாக இருந்ததால் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களாம். அவரும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"ஒண்ணு கோணல், ஒண்ணு நசுங்கல். கொட்டையா இருந்தா பாதியைக் கழிச்சிருப்பனுங்க. நம்ம ரத்தமாச்சே, உட்டுட்டேன்."

ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கியதும் அவர் அங்கிருந்த டீக்கடைக்காரரின் முகத்தில் ஊதினார். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே பதிலுக்கு "ஹா" என்று ஊதினார். அங்கே அதுதான் வணக்கம் போலிருக்கிறது.

பஸ் புறப்பட்டபோது அவர் திரும்பிப் பார்த்தார். நானும் ஜன்னல் வழியாக ஊதினேன்.