ஆதம்லெப்பை காக்கா கேட்டு வாங்கிய பதவி

சென்ற வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அந்த மௌத்தை, அந்த மரணத்தை, அறிவித்தது. “நெசவுகார ஆதம்லெப்பை” என்றார்கள், அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் எங்கள் கட்சியில் இருந்ததையும் அதற்காகச் சிறை சென்றதையும் சொல்ல இன்னும் பயப்படுகிறார்கள். எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான ஆதம்லெப்பை காக்காவை அறிந்தவர்களே, நான் சொல்கிறேன்.

அது யுத்த காலம். வாவிக்கு அக்கரையிலிருந்த எங்கள் வயல் வட்டைகளுக்குப் போக முடியவில்லை. செங்கலடிக்குப் போன லொறி, போனவர்களோடு உயிருடன் திரும்பும்வரை வீடுகளில் உலை வைக்கமாட்டார்கள். அரசும் காக்கவில்லை, ஆயுதம் தூக்கியவர்களும் விடவில்லை. இஸ்லாமிய முறைப்படி நம் ஊரை நாமே ஆள்வோம் என்று பன்னிரண்டு பேர் தொடங்கிய கட்சி, இரண்டாவது தேர்தலிலேயே உள்ளூர்ச் சபையைப் பிடித்தது. சபையில் லஞ்சம் நின்றது. அதை இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஊரிலிருந்த படக்கொட்டகையையும் பூட்டினோம். அதில் காக்காவுக்கு உடன்பாடில்லை. “படம் பாக்காட்டி நெஞ்சுல ஈமான் வந்திருமா? பூட்டுறதெண்டா மொதல்ல நம்மட வாயப் பூட்டுவம்” என்றார். நாங்கள் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

எங்கள் கட்சியில் ஒரு விதி இருந்தது. பதவி கேட்டவனுக்குப் பதவி கிடையாது. தன் படத்தைத் தானே அச்சடித்து ஒட்டிய வேட்பாளரின் பெயரை மறுநாளே நீக்கினோம். அதனால் கூட்டம் என்று வந்தாலே ஆளுக்காள் “நான் தகுதியில்ல, அவரப் போடுங்க” என்று கைகாட்டுவதே எங்களுக்குப் பழக்கமாகிப்போனது. மூன்று தடவை தலைமையை மறுத்த காக்கா, கடைசியில் என்னைக் காட்டினார். “இவர் நல்லாப் பேசுவார். நான் தறியில இரிக்கன்.” நானும் தகுதியில்லை என்றேன். மறுநாள் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அரசுப் படையினர் கட்சிக் காரியாலயத்தைச் சுற்றி வளைத்தார்கள். அதிகாரி உடைந்த தமிழில், “யார் தலைவர்?” என்று கேட்டார். முன்வரிசையில் இருந்தவர், பழக்கதோஷம், “நான் இல்ல” என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதிகாரி தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். தலைவர் வராவிட்டால் அத்தனை பேரையும் வாகனத்தில் ஏற்றுவதாகக் கத்தினார். தலைவர் நான். என் நாக்கு எழவில்லை. அது பணிவல்ல, பயம்.

பின்வரிசையிலிருந்து காக்கா எழுந்தார். இடுப்பில் கட்டிய சாரத்தில் நூல் தும்பு ஒட்டியிருந்தது. “நான்தான் தலைவர். நானே கேட்டு வாங்கின பதவி” என்றார்.

அவரை மட்டும் கொண்டுபோனார்கள். கட்சி தடைசெய்யப்பட்டது, சபை கலைக்கப்பட்டது. ஒரே வாரத்தில் ஊரில் ஒருவர்கூட அந்தக் கட்சியில் இருந்ததில்லை என்றாகிவிட்டது. சுவரொட்டிகளை நாங்களே சுரண்டினோம்.

இரண்டு வருடங்கள் கழித்துச் சிறையிலிருந்து காக்கா முதுகு வளைந்து வந்தார். போய் முன்னால் நின்றேன். அழுகைதான் வந்தது. அவர் சிரித்தார். “என்ன தலைவர், ஒன்ட பதவியப் புடுங்கிப்போட்டன் எண்டு கோவமா? விதிப்படி பாத்தா நம்ம ரெண்டு பேரையும் நீக்கணும். என்னய, கேட்டதுக்கு. ஒன்னய, கேக்காததுக்கு.” அதன்பின் சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. நானும் எடுக்கவில்லை.

சென்ற வியாழக்கிழமை அடக்கம் முடிந்ததும், அவரைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார் ஊருக்குப் புதிதாக வந்த மௌலவி. பழைய ஆட்கள் வழக்கம்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

“நீங்க ஆரு?” என்று மௌலவி கேட்டார்.

“அந்தக் கட்சிட தலைவர் நான்தான்” என்றேன்.

எனக்காக அன்று காக்கா சொன்ன சொல் அது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வதும் அதைத்தான்.