மணி மலையேறிய நாள்

திருக்கழுக்குன்றத்து மலைமேல் எந்த வேலை நடந்தாலும் மணலும் சிமென்ட்டும் வரலட்சுமியின் தலையில்தான் ஏறும். இருபது வருஷமாக அப்படித்தான். ஆனால், பெரிய பாரங்களை நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கும் கம்பில் மட்டும் அவளுக்கு இடம் கிடையாது. அது ஆம்பளை வேலையாம். தலைச்சுமையோடு ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறுகிறவளுக்குக் கம்பு பிடிக்கத் தெரியாதாம்! நல்ல கதைதான்.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை, ஒரு பக்தர் உபயமாகக் கொடுத்த வெண்கல மணி அடிவாரத்தில் வந்து இறங்கியது. நூற்றறுபது கிலோ. தூக்கும் நாலு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். மேஸ்திரி பக்தவத்சலம் வேறு வழியில்லாமல் வரலட்சுமியைக் கூப்பிட்டார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள்!

சாமி காரியம் என்பதால் எல்லோரும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்திருந்தார்கள். வரலட்சுமியோ ஓரமாக உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தாள்.

"இன்னாம்மா இது? சாமி மணியத் தூக்கப் போற நேரத்துல நாஸ்தா துன்னுகினு கீறே!"

"வவுறு காஞ்சா முந்நூறாவது படியில கால் ஆடும், மேஸ்திரி. எனக்குத் தெரியும்."

"அப்போ நீ கம்பத் தொடாத. நானே தூக்கறேன்."

வரலட்சுமி மிச்சத்தையும் குடித்து முடித்தாள். வாளியை மூடிவிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் இடம் போயிருக்காது. கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றுதான். பாரம் தானாக மேலே போகாது, அதற்கான பலத்தை ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும். மோட்டார் என்றால் கரண்ட் கொடுக்கும். ஆள் என்றால் வயிறு கொடுக்க வேண்டும். சாப்பிட்டது தப்பென்று பொய் சொல்லித் தூக்குவதைவிடத் தூக்காமல் இருப்பதே மேல் என்று சங்கிலியும் கொக்கியும் இருந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

பாதி மலை தாண்டியதும் மேஸ்திரியின் முழங்கால்கள் வெடவெடக்க ஆரம்பித்தன. கீழ்ப்பக்கத் தோளுக்குத்தான் பாரம் அதிகம். அந்தப் பக்கம்தான் அவர் நின்றிருந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"எறக்குங்கடா!" என்று கத்தினார். மணி படியில் நங்கென்று உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. வரலட்சுமி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோளைக் கொடுத்து நிறுத்தினாள். இல்லாவிட்டால் மணியும் போயிருக்கும், கீழே நின்ற மேஸ்திரியும் போயிருப்பார்.

 வரலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து வேர்க்கடலை உருண்டைகளை நீட்டினாள்.

"துன்னுங்க. சாமி கோச்சிக்காது. மணி உருண்டாதான் கோச்சிக்கும்."

முதலில் கை நீட்டியவர் மேஸ்திரி. கொஞ்ச நேரம் எல்லோரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். பிறகு மேஸ்திரி நின்ற அதே கீழ்ப்பக்கத்தில் வரலட்சுமி தோள் கொடுத்தாள். மிச்சப் படிகளை அவள் ஏறியதைப் பார்த்திருக்க வேண்டும்! அவசரமில்லை, தடுமாற்றமில்லை. உச்சியில் மணியை இறக்கும்போது அவள் தோள் கன்றிச் சிவந்திருந்தது, முகமோ பூரித்திருந்தது. பின்னாலேயே கூடையைச் சுமந்துகொண்டு மேஸ்திரி வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"புதன்கெழம மலைமேல கல்தொட்டி ஏத்தணும், வரலட்சுமி. கம்புல உனக்கு எடம் வெச்சிகீறேன்."

"வரேன், மேஸ்திரி."

அவர் போனை வைக்கவில்லை. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆளுங்க இன்னா துன்னுட்டு வரணும்? சொல்லு."