சவளுக்குப் பதிலாகப் புட்டு

தட்டை நிலமான ஹேர்னிங் ஊரில் எங்கள் வீட்டுப் பக்கம் மலை என்று சொல்லக்கூடியது, சுப்பர்மார்க்கெட் வாசலில் ஒதுக்கிவிட்ட பனிக் குவியல் மட்டும்தான். அதைத் தாண்டவே கைப்பிடி தேடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட என்னைப் பதினாறு வயது மகள் நோர்வே மலைக்கு இழுத்துப் போனாள். பனியில் புதையாத அகலச் செருப்பு மாட்டி, ஆள் நடமாட்டமில்லாத ஓர் உச்சிக்கு ஏறவேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட ஆசை. பதினெட்டு ஆகாதவர்கள் பெற்றோர் ஒருவரோடுதான் வரலாமாம். மனைவிக்கு முழங்கால் வலி. எனக்கு வந்த வலிகளை யாரும் நம்பவில்லை.

காலையில் வழிகாட்டிப் பெண் நிலைமையை விளக்கினாள். முந்தின நாள் காற்று புதுப் பனியைக் கிழக்குச் சரிவில் குவித்திருக்கிறது, அடியில் பழைய பனி வழுக்கலாக இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் போகமாட்டோம். மற்றப் பக்கத்தில் பனிச்சரிவு அபாயம் ஐந்தில் இரண்டு.

“ஐந்தில் இரண்டெண்டால் பெயில் எல்லோ?” என்றேன். மகள் என்னைத் தெரியாதவள்போல நின்றாள்.

பிறகு வழிகாட்டி, வந்திருந்த எல்லோருடைய பைகளையும் திறக்கச் சொன்னாள். என் பையில் கிடந்தது புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். பயணக்காரர்கள் முதல்நாள் தந்த, பனி தோண்டுகிற மடக்குச் சவளை, இடம் போதாதென்று தங்கிய வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பனிக்குள் புதைந்தபிறகு நான் எங்கே கிண்டப்போகிறேன் என்பது என் கணக்கு.

மகளுக்குக் கோபம் வந்தால்தான் தமிழ் வரும். “அப்பா, புட்டாலயோ கிண்டப் போறியள்?”

“அது நீங்கள் வெளியே வருவதற்கு இல்லை,” என்றாள் வழிகாட்டி, மெதுவாக. “மகள் புதைந்தால் நீங்கள் தோண்டுவதற்கு.”

புட்டுப் பொதியைப் பையின் அடிக்குத் தள்ளினேன்.

“வாகனத்தில் இன்னொரு சவள் இருக்கிறது. வர விருப்பமா?”

ஒரு சொல்லில் தப்பியிருக்கலாம். சவள் பிடிக்கத் தெரியாது, முழங்கால் சரியில்லை, என்ன சொன்னாலும் போதும். தப்பப்போகிற சந்தோசத்தில் உள்ளுக்குள் பால் பொங்கியது. திரும்பிப் பார்த்தால், மகள் குனிந்து செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னை அவ்வளவு நன்றாகத் தெரியும் அவளுக்கு.

“ஓம், ஓம், வாறன்,” என்றது என் வாய். கால் அதற்குச் சம்மதிக்கவில்லை.

ஓரிடத்தில் சரிவை ஒவ்வொருவராகக் கடக்கவேண்டியிருந்தது. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளையாரையும் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். அந்தப் பக்கம் மகள் நின்றாள்.

“கண்ணை மூடிக்கொண்டோ வந்தனீங்கள்?”

“பனி சரிஞ்சு வந்தால் பாத்துப் பயப்பிடக் கூடாதெல்லோ.”

இப்போது அவளுக்கு யாருடைய துணையும் தேவையில்லை. தான் குடியிருக்கிற ஹ்விடோவ்ரேயிலிருந்து சிநேகிதிகளோடு மலைக்குப் போய்வருகிறாள், படம் அனுப்புகிறாள். ஆனால் அன்று உச்சியில், பள்ளிக்கூட வாசலில் என்னை நாலடி தள்ளி நடக்கச் சொல்கிற அந்தப் பிள்ளை, என் ஜாக்கெட் கையைப் பிடித்தபடியே நின்றாள். கீழே பார்க்காமலிருக்க அவளுடைய தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்குவோம் என்று நான் சொல்லவில்லை.