மீசை வைத்த விசிட்டிங் கார்டு

எங்கள் ஊரில் விசிட்டிங் கார்டு என்றால் மயில் இருக்க வேண்டும். பட்டுக்கடைக்காரருக்கும் மயில், பல் டாக்டருக்கும் மயில். நான் பிள்ளையார்பாளையத்தில் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் டிசைன் போடுகிறவன். பார்டர் வேலை குறைந்தால் கார்டு, கல்யாணப் பத்திரிகை. நாள் பூராவும் மயில் வரைகிறவனுக்கு மயிலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதனால் அர்ஜுனன் வந்து, "மயிலு கியிலு ஒண்ணும் வேணாம் தம்பி, என் மூஞ்சி மட்டும் போடு" என்றபோது எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம்தான் ஆளை நிமிர்ந்து பார்த்தேன். மீசை வைத்திருந்தார்.

அர்ஜுனன் தெருக்கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவர். மீசை முளைக்கிற வயதில் அதை மழித்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தது, இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பேர் அர்ஜுனன், கட்டுவது அர்ஜுனன் பெண்டாட்டி வேஷம் என்று டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரைக்கும் கிண்டல். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நானாக இருந்தால் நாலு பேரை அடித்திருப்பேன்.

பழைய கார்டு அவர் இருந்த கூத்து மன்றம் போட்டது. கூந்தலை விரித்துப் போட்டு நிற்கிற பாஞ்சாலி படம், மன்றத்தின் பேர், மன்றத்தின் நம்பர். இவர் பேரே கிடையாது. மன்றம் உடைந்துபோய், இப்போது எந்தக் கூத்து ஜமா கூப்பிட்டாலும் தனியாளாகப் போய் ஆடிவிட்டு வருகிறார். திருவிழா சீசனுக்குள் ஊர்க்காரர்கள் கையில் இவருடைய சொந்த நம்பர் போய்ச் சேர வேண்டும்.

"உங்க போட்டோ ஒண்ணு குடுங்க" என்றேன்.

"அதான் இல்லியே."

வேஷத்தில் எத்தனையோ இருக்கின்றன. சொந்த முகத்தில் ஆதார் கார்டில் இருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கா மகள் கல்யாணத்தில் போட்டோகிராபர்கூட, "மாமா, பாஞ்சாலி மாதிரி ஒரு போஸ் குடுங்க" என்றானாம். "செத்தா மாலை போடறதுக்காவது என் மூஞ்சி வோணும் இல்ல தம்பி" என்று அவரே சிரித்தார். இதற்காகத்தான் ஆட்டம் இல்லாத மாதங்களில் மீசை வளர்த்திருக்கிறார்.

கடைத் திரைச்சீலைக்கு முன்னால் நிற்கவைத்து நானே படம் எடுத்தேன். 'பாஞ்சாலி வேஷம்' என்று ஒரு வரி போடலாம், அப்போதுதான் யாரென்று தெரியும் என்று எவ்வளவோ சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். அர்ஜுனன், தெருக்கூத்து, போன் நம்பர். அவ்வளவுதான். அச்சாகி வந்ததும் ஒரு கார்டை எடுத்து, துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கூரத்தில் மாமியார் வீடு. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன், அந்தப் பக்கத்து ஊர்களில் கார்டு கொடுக்கலாம் என்று. ஒரு ஊரில் திருவிழாவை முன்னின்று நடத்துகிற குப்புசாமி வீட்டுக்குப் போனோம். அவர் வயலில் இருந்தார். அவர் தங்கை வடிவாம்பாள்தான் வீட்டில்.

"கூத்துக்காரங்களா? உக்காருங்கபா" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார். "நல்ல வேள வந்தீங்க. இந்த வருசம் பாஞ்சாலி அம்மாவ கூப்புட நம்பர் இல்லாம அண்ணன் அல்லாடிக்கினு இருக்குது. நம்பர் போட்ட படம் எங்கிட்டதான் இருக்குது. பொட்டு வெச்சி வெச்சி எழுத்தெல்லாம் அழிஞ்சி போச்சி."

எந்தப் படம் என்று கேட்டேன். வந்து பாருங்கள் என்று உள்ளே கூப்பிட்டார். சாமி அலமாரியில், முருகனுக்கும் பெருமாளுக்கும் நடுவில், சின்னதாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் பழைய விசிட்டிங் கார்டு இருந்தது. சந்தனம், குங்குமம், அன்றைக்கு வைத்த மல்லிப்பூ. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அர்ஜுனன் மோர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார்.

"எங்க ஊட்டுக்காரரு தவறிப்போன வருசத்துல, கூத்து முடியற படுகளத்தன்னிக்கி நா வேற எண்ணத்துல நின்னுக்கினு இருந்தேன்" என்றார் வடிவாம்பாள். "துரியோதனன் செத்து, அம்மா கூந்தல முடிஞ்சிக்கினு ஜனத்துக்குள்ள வந்தாங்க. நேரா எங்கிட்ட வந்து நின்னாங்க. என் தலையில கைய வெச்சி, 'அழாத, நா முடிஞ்சிக்கினேன் இல்ல, நீயும் முடிஞ்சிக்கோ'ன்னு சொன்னாங்க. ஊட்டுக்கு வந்து தலைய வாரி முடிஞ்சேன். அதனாலதான் இன்னிக்கி உனுக்கு மோர் குடுக்க நா இருக்கறேன்."

வடிவாம்பாள் சட்டத்தில் சரிந்திருந்த மல்லிப்பூவை நேராக வைத்தார்.

"அது வேஷக்காரர்னு தெரியாதான்னு அண்ணன் கேக்கும். தெரியும்பா. யாரோ ஒரு ஆம்பளதான். ஆனா வேஷத்த கலைக்கிற நேரத்துல நா அந்தப் பக்கமே போவ மாட்டேன். அந்த மூஞ்சிய பாத்துட்டா அப்பறம் நா இங்க எத கும்புடறது?"

"அம்மா, இவருதான்..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன். அர்ஜுனன் என் காலை அழுத்தி மிதித்தார்.

வடிவாம்பாள் அவர் கையிலிருந்த புதுக் கார்டைப் பார்த்தார். "இது இன்னா சீட்டு?"

அர்ஜுனன் நீட்டிய கார்டை வாங்கி, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீதானா இது? நீ இன்னா வேஷம்?"

"நா வேஷம் கட்றது இல்லமா" என்றார் அர்ஜுனன். "ஏஜென்ட்டு. அம்மா எந்த ஊருக்குப் போவணும், வரணும்னு பாத்துக்கறவன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அப்ப அவுங்கள நல்லா பாத்துக்கோபா. ராவெல்லாம் ஆடறாங்க. விடிஞ்சதும் மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடு."

"குடுக்கறேன்மா."

திரும்பி வருகிற வழியில் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"'நீயும் முடிஞ்சிக்கோ'ன்றத எல்லா ஊர்லயும் சொல்வேன் தம்பி. எந்தப் பொம்பள அழுதுக்கினு நின்னாலும் அதான் சொல்வேன். சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிடுவேன். அந்தம்மா மூஞ்சி எனுக்கு ஞாபகமே இல்ல."

ரயில் போய், கேட்டைத் திறந்தார்கள். நான் வண்டியைக் கிளப்பவில்லை. பழைய பாஞ்சாலி படத்தையே போட்டு வேறு கார்டு அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன்.

"வேணாம், என் மூஞ்சியே இருக்கட்டும்" என்றார். "பேருக்குக் கீழ ஏஜென்ட்டுன்னு மட்டும் சேத்துடு."